டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பெயர் என்ன?

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய வீடுகள் அங்கே நிறைய. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் மோதலில் உயிர்நீத்தபோது, அவருடைய தம்பியும் ராணுவத்தில்தான் இருந்தார். பழனிக்கு வீர் சக்ரா விருது பின்னர் வந்தது.

டிசம்பர் 7 கொடி நாளன்று இப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சால்வை போர்த்துகிறோம். மற்ற நாட்களில் அந்த வீட்டுப் பெண்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது, பல நேரங்களில் வெறும் எழுத்துப் பிழைக்காக.

கணவரின் ஆவணத்தை எழுதியவர் தமிழ் தெரியாத கிளார்க்காக இருந்திருக்கலாம். காதில் விழுந்ததை எழுதியிருப்பார். மனைவியின் பெயர், பணி முடிந்து வரும்போது படை தரும் டிஸ்சார்ஜ் புக்கில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு இன்னொரு பெயர். பிறந்த தேதியும் இடத்துக்கு இடம் மாறும். கணவர் இருக்கும்வரை இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் கோப்பு நின்றுபோகிறது. இதைத் திருத்த வேண்டியது அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். கணவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தோடு விண்ணப்பம் போய்விட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

குடும்ப ஓய்வூதியம் எல்லோருக்கும் ஒரே அளவல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. சாதாரண மரணம் என்றால் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம். தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு மட்டும் 50. படைப்பணியின் காரணமாக நேர்ந்த மரணம் என்றால் 60. போர்க்களத்திலோ தீவிரவாதிகளுடனான மோதலிலோ இறந்திருந்தால் 100. ஆகவே இரங்கல் கடிதத்தைப் படிப்பதைவிட, மரணத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பது முக்கியம். 30-க்கும் 100-க்கும் நடுவே இருப்பது ஒரு வரிதான்.

மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடும் என்று ஊரில் சொல்லுவார்கள். அது முழு உண்மையல்ல. வீர விருதுக்கான மாதப்படி தொடர வேண்டுமானால் கணவரின் சகோதரரைத்தான் மணக்க வேண்டும் என்று ஒரு விதி, நம்புங்கள், 2017 நவம்பர் வரை இருந்தது! இப்போது யாரை மணந்தாலும் அந்தப் படி உண்டு. ஓய்வூதியத்துக்குத் தனி நிபந்தனைகள் இருப்பதால், மறுமணத்துக்கு முன் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உடல்நலம் கெட்டு வெளியே அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. ‘இந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை’ என்று மருத்துவக் குழு எழுதிவிட்டால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்காது. சிக்னல்ஸ் பிரிவில் இருந்து வலிப்பு நோயால் 1994-இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங்குக்கும் இதுதான் நடந்தது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அவர் பக்கம் நின்றது. சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்றது. 2023 செப்டம்பரில் விதிகள் மாற்றப்பட்டிருப்பதால், எந்த ஆண்டில் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து வழக்கின் பலம் மாறும்.

துறைக்குள் மேல்முறையீடு செய்தும் பலனில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் ஓர் அமர்வு சென்னையிலேயே உண்டு. தள்ளிப்போட வேண்டாம். 1983-இல் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் 1999-இல்தான் வழக்குப் போட்டார். உரிமை நிலைத்தது, ஆனால் 16 ஆண்டு நிலுவைக்குப் பதில் 3 ஆண்டு நிலுவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது.

ஒரே பிள்ளையையோ ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளையோ படைக்கு அனுப்பிய பெற்றோருக்குத் தமிழக அரசு போர்ப்பணி ஊக்க மானியம் தருகிறது. தகுதியிருந்தும் கேட்காமல் இருக்கிற பெற்றோர் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். 2022 முதல் அக்னிவீரராகச் சேரும் பிள்ளைகளின் வீட்டார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு ஆண்டோடு திரும்புகிறவருக்கு ஓய்வூதியம் கிடையாது. பணியின் காரணமாக இறந்தால் காப்பீடும் கருணைத் தொகையும் உண்டு, மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் இல்லை. தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு இது நியாயமாகப் படவில்லை என்றால் அதில் தவறு காண முடியாது.

ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறைக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். இந்தப் பயத்தை வைத்தே ஒரு கூட்டம் பிழைக்கிறது: ‘ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்’ என்று இனிமையாகக் கேட்டு கணக்கைத் துடைத்துவிடும். எந்த அலுவலகமும் தொலைபேசியில் ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். உயிர்ச்சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம், பொதுச் சேவை மையங்களிலும் கேட்கலாம். உங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் வீட்டுப் பாட்டி ஒருவர் தனியாக இருந்தால், இந்த ஆண்டு அதை உங்கள் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.