கிழங்கும் பன்றிக்குட்டியும்

உத்தியோக நிமித்தம் ஷில்லாங், திமாபூர், ஐசால் முதலிய ஊர்களில் வாழும் தமிழன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். வீட்டுப் புறக்கடையில் பெரிய பாத்திரம் ஒன்று அடுப்பேறியிருக்கும். சேம்பும் சர்க்கரைவள்ளிக் கொடியும் அரிசித் தவிடும் அதில் ஒன்றாக வேகும். அது பன்றிக்கு ஆக்கும் உணவு. அம்மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பன்றி என்பது கொல்லையில் வளரும் சேமிப்பு. பள்ளிச் செலவுக்கும் திருமணச் செலவுக்கும் அதுவே கைகொடுக்கிறது. தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் குட்டி நலிந்துவிட்டால் அச்சேமிப்பு முளையிலேயே கருகிவிடுகிறது.

சமவெளியிலிருந்து மலையேறி வரும் மக்காச்சோளம் விலை மிகுந்தது. மரவள்ளியோ சரிவான நிலத்திலும் விளைவது. சேலத்து ஜவ்வரிசியில் நாம் அறிந்த அதே கிழங்கு. அதனை மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் குட்டிகளுக்கு இடலாமா? இடலாம், ஆயின் இரண்டு குறைகளை நீக்கியே இடுதல் வேண்டும்.

முதலாவது குறை நஞ்சு. பச்சை மரவள்ளியில், சிறப்பாக அதன் தோலில், சயனைடாக மாறும் பொருள் உண்டு. தோலுரித்து, மெல்லிய வில்லைகளாக அரிந்து வெயிலில் நன்கு உலர்த்தினாலும், மூடாத பாத்திரத்தில் வேகவைத்து நீரை வடித்தாலும் அதன் பெரும்பகுதி நீங்கும். சேம்பிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் வாயை அரிக்கும். பச்சைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு புரதம் செரிப்பதைத் தடுக்கும். ஆகவே இவற்றையும் நன்கு வேகவைத்தே இடுதல் நலம். புறக்கடை அடுப்பின் நியாயம் இதுவே.

இரண்டாவது குறை புரதத்தைப் பற்றியது. பால்மறந்த குட்டியின் உணவில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு புரதம் இருத்தல் வேண்டும். மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 9 பங்கு உண்டு. உலர்ந்த மரவள்ளியிலோ 2 அல்லது 3 பங்கே. கிழங்கை மட்டும் தின்றால் வயிறு நிறையும், உடல் வளராது. 20 கிலோ மக்காச்சோளத்துக்குப் பதில் உலர்ந்த மரவள்ளியை இட்டால் ஏறக்குறைய 1.3 கிலோ புரதம் குறைகிறது. அதனை ஈடுசெய்யச் சோயாப் பிண்ணாக்கு 3 கிலோ கூட்டவேண்டும். சிறிது கருவாட்டுத் தூளும் சேர்ப்பது நன்று. எஞ்சிய நஞ்சை உடல் முறிக்கும்போது கந்தகமுள்ள புரதக் கூறுகள் செலவாகின்றன, மீன் அவற்றை மீட்டுத் தருகிறது.

உணவை ஒரே நாளில் மாற்றலாகாது. சிறு பங்காகத் தொடங்கிப் பத்து நாள்களில் மெல்ல உயர்த்துவதே முறை. குட்டி கழிந்தால் கிழங்கின் அளவை உடனே குறைத்துக் கால்நடை மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

அண்டை வீட்டாருடன் உரையாடுகையில் இச்செய்தி ஒரு குட்டியைக் காக்க உதவுமாயின் நமக்கு மகிழ்ச்சியே.