வரலாறு படிக்கலாமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் இல்லங்களில் ஒரே வினா எழுகிறது: விஞ்ஞானமா, வணிகமா, கலையா? முதலிரண்டில் இடம் கிடைக்காதவர்க்கு ஒதுக்கப்பட்டதே மூன்றாவது என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அக்கலைப் பிரிவிலும் வரலாறு என்று சொல்லிவிட்டால், “மன்னர் பெயரையும் ஆண்டையும் நெட்டுருப் போட்டு என்ன காணப் போகிறாய்?” என்பார்கள். பதினோராம் வகுப்பில் வரலாற்றை விரும்பி எடுத்து, இன்று அதிலேயே முதுகலை பயிலும் என்னிடம், நண்பர்கள் பலர் தம் தம்பி தங்கையருக்காக இவ்வினாவைக் கேட்டதுண்டு. அவர்கட்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பள்ளியில் நாம் படித்த வரலாறு வேறு. மேல்நிலை வகுப்பில் தொடங்கும் வரலாறு வேறு. அங்கே “என்ன நடந்தது?” என்பதே கேள்வி. இங்கே, “நடந்தது என்று எதைக்கொண்டு சொல்கிறாய்? ஏன் அப்பொழுது நடந்தது?” என்ற கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன.

சான்று ஒன்று காண்போம். தாராவியில் காலா கில்லா பேருந்து நிலையத்தை அறியாதார் யார்? அப்பெயருக்குக் காரணமான கருங்கற் கோட்டை வீடுகளுக்கிடையே இன்றும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பம்பாயின் ஆளுநராயிருந்த ஆஞ்சியர் அதனைக் கட்டினார் என்று எழுதுவோர் உண்டு. கோட்டைச் சுவரிலுள்ள கல்வெட்டோ, ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்கிறது. எதை நம்புவது? அந்த 1737ஆம் ஆண்டிலேதான் மராத்தியர் போர்த்துக்கீசியரிடமிருந்து சால்செட் தீவைக் கைப்பற்றப் புகுந்தனர். 1739இல் வசாய்க் கோட்டையும் வீழ்ந்தது. சால்செட் என்பது மாகிம் கழியின் அக்கரை. அக்கரைக்குப் பகைவர் படை வந்துவிட்டால் இக்கரையிலுள்ள ஆங்கிலேயர் காவலை வலுப்படுத்துவது இயல்பன்றோ? கல்வெட்டும் அக்கால நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆஞ்சியர் கட்டியதென்போர் இதனினும் வலிய சான்று காட்டவேண்டும். இவ்வாறு சான்றைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, காரணம் காணும் பயிற்சியே வரலாற்றுக் கல்வி. ஆண்டுகளை நினைவிற் கொள்வது இதற்கு உதவும் கருவி, அதுவே கல்வியாகிவிடாது.

இக்கல்வி நம்மை நாமே அறியவும் உதவுகிறது. 1896இல் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டு, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களோடு புதிய மனைகளை வகுத்தது. ஆங்கிலம் கற்று அலுவலகங்களில் எழுத்து வேலைக்கு வந்த தென்னாட்டார் பலர் அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தையும் நிறுவினர். தாராவிக்கு நம்மவர் வந்த வழி வேறு. பாந்திராவின் ஆட்டுத்தொட்டியிலிருந்து தோல் கிடைத்தது; தாராவியில் தோற்பதனிடும் கூடங்கள் எழுந்தன; திருநெல்வேலிச் சீமையினின்றும் உழைப்பாளர் வந்தனர். மொழி ஒன்றே. ஆயினும் எழுத்தறிவு வாய்த்தவர் ஒருபுறமும், அது சாதியின் பெயரால் மறுக்கப்பட்டவர் மறுபுறமும் ஒதுங்க நேர்ந்தது ஏன்? ரயில் பாதைக்கு இருபுறமும் வாழும் நாம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

வரலாறு விஞ்ஞானத்திற்குப் பகை என்று எண்ணுவாரும் உளர். இந்நகரமே அதற்கு மறுப்பு. தூய சேவியர் கல்லூரியில் 1926இல் வரலாற்று ஆராய்ச்சி நிலையம் கண்ட ஹென்றி ஹிராஸ் பாதிரியார், ஸ்பெயினில் பிறந்தவர். சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமே என்று வாதிட்டவர். பின்னர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறிகளின் தொகுப்பை 1977இல் வெளியிட்டார்; அதற்கான கணிப்பொறிப் பணி இங்குள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. அதே நிலையத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த டி. டி. கோசாம்பிதான், 1956இல் வெளியான தம் நூலால் இந்திய வரலாறு எழுதும் முறைக்கே புதுப் பாதை வகுத்தார்.

சரி, வயிற்றுப்பாட்டிற்கு வழி என்ன? இதனை மழுப்பக் கூடாது. பொறியியல் படித்தவர்க்கு உள்ளதுபோல் வரலாறு படித்தவர்க்கு நேரான வேலைக் கதவு கிடையாது. ஆசிரியப் பணி, சட்டம், இதழியல், ஆட்சிப் பணித் தேர்வுகள், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல் எனப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றிற்கும் பட்டத்திற்கு மேலும் சில ஆண்டுகள் உழைக்கவேண்டும். மற்றொன்றையும் மறத்தலாகாது. விஞ்ஞானம் படித்தவர் பின்னர் பி.ஏ. வகுப்பில் வரலாறு எடுக்கலாம். கலைப்பிரிவில் சேர்ந்தவர் பின்னர் மருத்துவத்திற்குத் திரும்புதல் அரிது. ஆதலின் மருத்துவத்தில் உண்மையான நாட்டமுடையவர் விஞ்ஞானமே எடுக்கட்டும். ஆனால் நாட்டமின்றி, அயலார் மெச்சவேண்டி விஞ்ஞானத்தில் சேர்ந்து, தனிப்பயிற்சி வகுப்பிற்குக் கடன்பட்டு, இரண்டாண்டை இழப்பது எவ்வகையிலும் சிக்கனமன்று.

முடிவு செய்யுமுன் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில் ஓர் அத்தியாயத்தைப் படித்து, அதன் கருத்தை நூலை மூடிவிட்டு இரண்டு பக்கத்தில் எழுதவேண்டும். நீண்ட விடை எழுதச் சலிப்பவர்க்கு இப்பாடம் ஆகாது. இரண்டாவது, தம் குடும்பம் மும்பைக்கு வந்த கதையை வீட்டிலுள்ள இருவரிடம் தனித்தனியே கேட்கவேண்டும். இரண்டு கதையும் முரண்படும். அம்முரண் எரிச்சலூட்டினால் வேறு பாடம் தேடலாம். உண்மை எதுவெனத் துருவும் ஆவலை எழுப்பினால் வரலாறு அவர்க்குரியது. மூன்றாவது, சேர எண்ணும் கல்லூரியில் வரலாறு உண்டா, அதனோடு பொருளியலோ அரசியலோ சேர்த்தெடுக்க இயலுமா என்று விசாரித்தறிய வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் எல்லாம் கிடைப்பதில்லை.

என் ஆச்சி பழைய ரேஷன் கார்டுகளையும் மின்கட்டணச் சீட்டுகளையும் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். தாராவி மறுசீரமைப்பில், 2000 சனவரி 1க்கு முன்பே தரைத்தள வீட்டில் குடியிருந்ததை ஆவணங்கொண்டு மெய்ப்பிப்பவர்க்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி சான்றின் வலிமையை நம் எல்லோரினும் நன்கு அறிந்திருக்கிறாள். அச்சீட்டுகள் ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்கலாம். கூடங்களில் தோல் பதனிட்டவரும், கடற்கழியோரச் சேற்றைத் தூர்த்துத் தெருவாக்கியவரும் இந்நகரில் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று திரட்டுபவர் யார்? தெருக்கள் இடிபடுமுன் அப்பணி நடந்தாக வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் வேண்டும். உங்கள் தம்பியோ தங்கையோ வரலாறு படிக்க விரும்பினால், தயவுசெய்து குறுக்கே நில்லாதீர்கள்.