பெட்டிக்குள்ளே ஒரு குடும்பம்

நடுவர் அவர்களே! எதிரணியிலே கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிற சீரியல் ரசிகர்களே! அண்ணாமலையார் ஊர்ப் பெருமக்களே!

மனிதனை அதிகம் சிந்திக்க வைப்பது சின்னத்திரையா, பெரியதிரையா, நாளைய உலகத்தைச் சொல்கிற கதைகளா என்று தலைப்புக் கொடுத்தீர்கள். மூன்றாவதை என் தலையிலே கட்டிவிட்டார்கள். வீட்டிலே போய்ச் சொன்னேன். "அதை யாருங்க படிக்கிறாங்க? கைதட்டக்கூட ஆள் இருக்காதே"ன்னாங்க எங்க வீட்டம்மா. (சிரிப்பு)

'டிஸ்டோப்பியா' என்று ஒரு சொல். நான் 'கெடுநாடு' என்று சொல்லுவேன். கெட்டுப்போன நாளைய நாட்டைக் காட்டுகிற கதை. இது ஏதோ புதுச் சரக்கு இல்லை. வள்ளுவர் 55ஆவது அதிகாரமாகச் செங்கோன்மையை வைத்தார். கையோடு 56ஆவதாகக் கொடுங்கோன்மையையும் வைத்தார். நாடு எப்படி நல்லா இருக்கும்னு சொன்னா மட்டும் போதாது, எப்படிக் கெடும்னும் காட்டணும். அந்த 56ஆம் அதிகாரத்தை விரிச்சுக் கதையாக்கினா, அதுதான் இது.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' வெளிவந்தது 1949இல். அதிலே வீட்டுச் சுவரிலே ஒரு திரை. நாம அதைப் பார்க்கலாம். அதுவும் நம்மைப் பார்க்கும். சாதாரண ஆள் அதை அணைக்கவே முடியாது. "எல்லாம் வெள்ளைக்காரன் கற்பனை" என்றார் எதிரணி நண்பர். ஐயா, நம்ம நாட்டிலே நெருக்கடி நிலை வந்தது 1975 ஜூன் 25. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15. ரெண்டு மாசம்கூட ஆகலே. பத்திரிகைக்குத் தணிக்கை இருந்த நேரத்திலே நம்ம வீட்டுக்குள்ளே டி.வி. வந்தது. நான் குற்றம் சொல்லவில்லை, தேதியைச் சொல்கிறேன். (கைதட்டல்)

சினிமா இதைச் சொல்லலையா என்றால், சொல்லியிருக்கிறது. சார்லி சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தது 1936. தொழிற்சாலையிலே கழிவறைக்குப் போய் ஒரு சிகரெட் பத்த வைப்பார். சுவர்த் திரையிலே முதலாளி முகம் வந்து, வேலைக்குப் போன்னு விரட்டும்! ஆர்வெலுக்குப் பதிமூன்று வருஷம் முன்னாடி. அந்தப் படத்தை நான் என் அணியிலே சேர்த்துக்கொள்கிறேன், நடுவர் ஆட்சேபிக்கக் கூடாது.

நம்ம சுஜாதா எழுதலையா? 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளிலே ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. ஜீவா என்று ஒரு சர்வாதிகாரி. குழந்தை பெத்துக்கணும்னா அரசாங்க அனுமதி வேணும். அந்த ஊர்லே புத்தகம் படிச்சுட்டு, மனுஷனுக்கு யோசனை சொல்றது யாரு? ஜீனோ என்கிற இயந்திர நாய்! (சிரிப்பு) அதை ஒரு தமிழ்ப் பேராசிரியன் படித்தால் சிரிப்பு வராது. என் வகுப்பிலே எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என்னை உலுக்கியது ரே பிராட்பரி 1953இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451'. அதிலே தீயணைக்கிறவனுக்கு வேலை தீ வைப்பது. எங்கே புத்தகம் இருந்தாலும் கொளுத்தணும். முதலில் அரசாங்கம் வந்து தடை போடலே. ஜனங்களே படிக்கிறதை விட்டாங்க. தீ அப்புறம்தான் வந்தது. கற்பனைன்னு தள்ளிவிட முடியுமா? யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது 1981இல். ஓலைச்சுவடிகளோடு சேர்த்து ஏறக்குறைய 97,000 நூல்கள். தமிழன் அந்தக் கதையைப் படித்தால் கையிலே சாம்பல் ஒட்டும்.

அதே கதையிலே தீ வைக்கிறவனுடைய மனைவி ஒருத்தி. கூடத்திலே மூன்று சுவர் முழுக்க டி.வி. நாலாவது சுவருக்கும் வேணும்னு கேட்கிறா. அதிலே வருகிறவர்களைத்தான் 'குடும்பம்' என்கிறாள். படித்துவிட்டு நான் சிரித்தேன். எங்க அம்மா ஞாபகம் வந்தது. 'சித்தி', அப்புறம் 'மெட்டி ஒலி'. கதையிலே வருகிற பெண்ணுக்காக எங்க வீட்டிலே சண்டை போடுவாங்க.

ஒரு கார்த்திகை தீபம். சாயந்தரம் ஆறு மணி. மலை எங்க வீட்டு மாடியிலிருந்து அப்படியே தெரியும். ஊரே "அரோகரா" என்கிறது. அம்மா கீழே டி.வி.யிலே தீபம் பார்க்கிறாங்க. "ஏம்மா, மலை பின்னாடியே இருக்கு, பெட்டியிலே பார்க்கிறியே"ன்னேன். "ஏண்டா, என்னைத் தூக்கிட்டுப் போவியா? இதுலே கிட்டக்கத் தெரியுதுடா"ன்னாங்க.

இதை நகைச்சுவையாக எத்தனை மேடையிலே சொல்லியிருக்கிறேன் தெரியுமா! நீங்களே கைதட்டியிருப்பீர்கள். பிராட்பரியை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்தக் கூடத்திலே அவள் எவ்வளவு தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்க மாடிப்படி பதினெட்டு. நான் கேலி செய்துவிட்டு மேலே போனேன். கூட உட்கார்ந்தது அந்த டி.வி.தான். சீரியலைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, சொல்லுங்க!

இப்போ படிக்குக் கைப்பிடி போட்டிருக்கேன். அம்மா இல்லை.

நடுவர் மணியை அடிச்சுட்டார். உட்கார்ந்துடறேன்.