வேப்பிலைக் கஷாயத்தில் வெள்ளித் துகள்!

ஓட்டுப் போட்டுவிட்டு வரும் அப்பா, அம்மாவின் விரலில் அழியாத மையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மையில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு இருக்கிறது. தண்ணீரில் கரைத்தால் இந்த உப்புக்கு நிறமே கிடையாது. அதில் வேப்பிலையைக் கொதிக்க வைத்து வடித்த கஷாயத்தைக் கலந்தால் என்ன ஆகும், தெரியுமா குழந்தைகளே?

சில மணி நேரத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும்! புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியும் அவரது குழுவினரும் 2004ல் இதைச் செய்து காட்டினார்கள். அந்தப் பழுப்பு நிறம் இலையின் சாயம் அல்ல, வெள்ளி!

'கொலுசு வெள்ளி வெண்மையாகத்தானே பளபளக்கும்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இந்தத் துகள்கள் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான் இருக்கும். அவ்வளவு பொடியானால் உலோகத்தின் நிறமே மாறிவிடும். தங்கம் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857லேயே இப்படிச் சிவந்த தங்கக் கரைசலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, இலை என்ன செய்கிறது? உப்பில் உள்ள வெள்ளி அணு ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. இலைச் சாற்றில் உள்ள பொருட்கள் அந்த எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. உடனே வெள்ளி அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துகளாகின்றன. ஒட்டிக்கொண்டே போனால் கட்டியாகிவிடுமே? அதற்கும் இலையே காவல்! சாற்றில் உள்ள வேறு சில பொருட்கள் துகளின் மேல் போர்வை போலப் படிந்து, மேலும் ஒட்டவிடாமல் தடுக்கின்றன. இதே வேலைக்கு ஆய்வகங்களில் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற நச்சு ரசாயனங்களையும் பயன்படுத்துவார்கள். வேப்பிலை இருந்தால் அவை வேண்டாம். (அதற்காக வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சில்வர் நைட்ரேட் தோலைக் கறுப்பாக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து.)

கொரோனா பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடு, தங்க நானோ துகள்களால் ஆனது. கிருமிகளைக் கொல்வதால், தீக்காயத்துக்குக் கட்டும் சிலவகைத் துணிகளில் வெள்ளித் துகள் சேர்க்கிறார்கள். ஆனால் இலையால் செய்த துகள்கள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கின்றன. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் இலைச் சாறு மாறும். துகளின் அளவும் மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாற்றம் வராமலிருக்க நானோ வெள்ளி சேர்த்த காலுறைகள் கடைகளில் விற்கின்றன. அமெரிக்காவில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலவகைக் காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்து, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். சில காலுறைகள் நாலைந்து அலசலிலேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் தண்ணீரில் விட்டுவிட்டன! அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போனால்? நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்று வெள்ளிக்குத் தெரியாது. மீன்களுக்கும் அது கெடுதல். வேப்பிலை செய்த வெள்ளியும் வெள்ளிதானே! அதனால், துகள் செய்வதோடு நில்லாமல், அது மீன்களையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களையும் என்ன செய்கிறது என்றும் விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள்.