போன் சைலன்ட்... வகுப்பின் நடுவே வந்த நோபல்!

2023 அக்டோபர் 3. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் பேராசிரியர் ஆன் லுயிலியே. போன் சைலன்ட்டில் கிடந்தது. இடைவேளையில் எடுத்துப் பார்த்தால், வரிசையாக மிஸ்டு கால்கள். இயற்பியல் நோபல்! பேசி முடித்ததும் என்ன செய்தார் தெரியுமா? மீதிப் பாடத்தை நடத்த வகுப்புக்கே திரும்பிவிட்டார். கடைசி அரைமணி நேரம் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததாம். இருக்காதா பின்னே?

1958-ல் பாரிஸில் பிறந்தவர் ஆன். 1986-ல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, பாரிஸ் அருகே சாக்லே அணுசக்தி ஆய்வு மையத்தில் நிரந்தர வேலை. அடுத்த வருடமே அந்த ஆச்சரியம் காத்திருந்தது.

ஆர்கான் வாயுவுக்குள் அகச்சிவப்பு லேசரைச் செலுத்திப் பார்த்தார்கள். வீணைத் தந்தியை மீட்டினால் மூல ஒலியோடு மெல்லிய மேல் ஒலிகளும் சேர்ந்து வரும் அல்லவா? அதுபோல, உள்ளே போன ஒளியைவிட 3, 5, 7 மடங்கு வேகமாக அதிரும் ஒளிகள் வெளியே வந்தன. மடங்கு கூடக் கூட ஒளி மங்கிப்போக வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஒரு கட்டத்துக்குப் பிறகு மங்கவே இல்லை. 33 மடங்கு வரை நீண்டது!

'ஏன்?' என்ற கேள்வியை ஆன் விடவில்லை. லுண்டில் புதிய வகை லேசர் வந்திருப்பது தெரிந்து 1992-ல் சோதனைக்காக அங்கே போனார். 1990-களின் நடுவில், பிரான்ஸின் நிரந்தர வேலையை உதறிவிட்டு ஸ்வீடனிலேயே குடியேறினார். நாற்பதை நெருங்கும் வயதில் அது சின்ன முடிவில்லை.

அந்த ஒளிகளெல்லாம் ஒத்திசைந்தால் அட்டோசெகண்ட் கணக்கில் மின்னி மறையும் ஒளித்துடிப்பு கிடைக்கும். ஒரு நொடியை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் நூறு கோடியால் வகுத்தால் ஒரு அட்டோசெகண்ட். இதை அளந்துகாட்ட 2001 வரை ஆயிற்று. அளந்தவர்கள் பியர் அகோஸ்தினி, ஃபெரென்க் க்ரவுஸ். ஆனோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள். 2003-ல் ஆனின் குழு 170 அட்டோசெகண்ட் துடிப்பை எட்டியது.

எதற்கு இத்தனை அவசர ஒளி? எந்த வேதிவினையிலும் முதலில் அசைவது எலெக்ட்ரான். அதன் ஓட்டம் இந்த நேர அளவில்தான் பிடிபடும். நியான் அணுவின் இரு வேறு எலெக்ட்ரான்கள் ஒளி பட்டு வெளியேறுவதில் சுமார் 20 அட்டோசெகண்ட் வித்தியாசம் இருப்பதாக 2010-ல் ஒரு சோதனை சொன்னது. கோட்பாட்டுக் கணக்கோ ஒத்துவரவில்லை. ஏழு வருடம் நீடித்த அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, லுண்டில் ஆனின் குழு.