வாட்ஸ்அப் சந்தை: நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கம் நாங்கள் ஒன்பது பேர் ரசாயனம் இல்லாமல் வெள்ளாமை செய்கிறோம். எனக்கு மூன்றரை ஏக்கர். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டேன். அதனால் பயிர் விஷயத்தில் மற்ற எட்டுப் பேரும் எனக்கு வாத்தியார்கள். விற்பனையில் மட்டும் ஒன்பது பேரும் ஒரே வகுப்பு.

ஒரு மாசி மாதம் நாலு மூட்டை கத்தரிக்காயைக் கமிஷன் மண்டிக்கு அனுப்பினேன். கிலோ 11 ரூபாய்க்குப் போனது. கமிஷன், சுமைக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து வந்த சிட்டையைப் பார்த்தால், பறிப்புக் கூலிக்கே பற்றவில்லை. அந்தக் காய் பஞ்சகவ்யாவில் வளர்ந்ததா, யூரியாவில் வளர்ந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே நேரமும் இல்லை. அதே வாரம் மதுரையில் என் பழைய சகா ஒருவர், "நஞ்சில்லாத காய் எங்கய்யா கிடைக்குது?" என்று போனில் கேட்டார். அவர் வீட்டுக்கும் என் தோட்டத்துக்கும் 30 கிலோமீட்டர்கூட இருக்காது.

1999 இல் மதுரை அண்ணா நகரில்தான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நிற்பதுதான் அதன் பலம். ஆனால் எங்கள் ஒன்பது பேருக்கும் தினமும் விடிகாலையில் அங்கே போய்க் கடை போட ஆள் பலம் இல்லை. அந்தச் சந்தையைக் கைபேசிக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்த்தோம். பழைய சகாக்கள், உறவினர்கள் என்று 18 வீடுகளுடன் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம்.

முதல் இரண்டு மாதக் குளறுபடி

ஆரம்பத்தில் ஒரே குழுதான். அதிலேயே காலை வணக்கம், அதிலேயே சாமி படம், அதிலேயே "எனக்கு அரைக் கிலோ வெண்டை". ஆர்டரைத் தேடி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். ஒரு வாரம் 6 கிலோ அவரை கேட்டிருந்தார்கள், நாங்கள் 14 கிலோ பறித்துவிட்டோம். மிச்சம் மாட்டுக்குப் போனது.

பிறகு மூன்றாகப் பிரித்தோம். விவசாயிகளுக்கு ஒரு குழு. காய்ப் பட்டியல் போட ஒரு குழு. அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். வாடிக்கையாளர்கள் பேச, கேள்வி கேட்க, சமையல் குறிப்புப் போட இன்னொரு குழு. ஆர்டர் மட்டும் 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலி உள்ள தனி எண்ணுக்கு வர வேண்டும். அதில் பொருள் பட்டியலைப் படத்துடன் போட்டு வைக்கலாம், ஆர்டர் வாரியாக அடையாளம் இடலாம். செலவில்லை.

வேலை இப்படி ஓடுகிறது. புதன் காலையில் ஒவ்வொரு விவசாயியும் தன் தோட்டத்தில் வரும் ஞாயிறுக்கு என்ன இருக்கும், எத்தனை கிலோ என்று சொல்லிவிட வேண்டும். தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவாக அனுப்புவார்கள். சாயங்காலம் பட்டியலும் விலையும் போகும். வெள்ளி மாலை 6 மணிக்கு ஆர்டர் முடிந்தது. சனி மாலை வெயில் தாழ்ந்து பறிப்பு, ஞாயிறு காலை ஒரே வண்டியில் விநியோகம். வந்த ஆர்டருக்குத்தான் பறிக்கிறோம், அதனால் மிச்சம் விழுவது மிகவும் குறைந்துவிட்டது. விலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது பேரும் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். மண்டியில் கத்தரி 10 ரூபாய்க்கு விழுந்தாலும் 70க்கு ஏறினாலும் எங்களிடம் 40தான்.

ஒன்றரை வருடத்தில் 18 வீடு 64 வீடாயிற்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

நான் செய்த தப்பு

அந்த ஐப்பசியில் விடாத மழை. ஈரத்தோடு பறித்த கீரையைப் பையில் கட்டி அனுப்பிவிட்டோம். கத்தரியில் காய்ப்புழு வேறு. ஞாயிறு மதியம் ஒரு அம்மா, அழுகின கீரையையும் புழு நெளிகிற கத்தரிக்காயையும் படம் எடுத்துப் பேச்சுக் குழுவில் போட்டு, "இதுக்கா சார் கிலோ 40 ரூபாய்?" என்று கேட்டிருந்தார்.

பதறிப்போனேன். நிர்வாகி என்ற முறையில் அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். அவருக்குத் தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். வங்கியில் பழகிய புத்தி அது. கவுண்டரில் ஒருவர் சத்தம் போட்டால் மேனேஜர் அறைக்குள் கூட்டிப் போய் டீ கொடுத்துப் பேசி அனுப்பிவிடுவோம். மற்றவர்கள் காதில் விழக்கூடாது.

ஆனால் வாட்ஸ்அப்பில் அப்படி மறைக்க முடியாது. நிர்வாகி நீக்கினார் என்ற தடயம் அங்கேயே நிற்கும். யாரும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை 64 வீட்டில் 29 வீட்டில் இருந்துதான் ஆர்டர் வந்தது. மழை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதற்கடுத்த வாரம் 26.

கடைசியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் போன் செய்தார். "சார், மருந்தடிக்காத காய்னா புழு இருக்கும், வெட்டி எறிஞ்சுட்டு சமைக்கிறோம். அந்தப் படத்தை நீங்க எடுத்தீங்க பாருங்க, அதுதான் எங்களுக்குப் பயமா இருக்கு. வேற எதையெல்லாம் எடுப்பீங்கன்னு தோணுது."

அன்றிரவு ஒன்பது பேரும் கூடினோம். எனக்கு முகம் காட்டக் கூச்சமாக இருந்தது. என் ஒருவன் செயலால் அடிபட்டது எட்டுக் குடும்பத்தின் வருமானம். மறுநாள் குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன். படத்தை நான்தான் நீக்கினேன், அது தப்பு. ஈரக் கீரையை அனுப்பியது எங்கள் தப்பு. அந்த வாரம் கீரை வாங்கிய எல்லோருக்கும், புகார் சொல்லாதவர்களுக்கும், பணம் திரும்ப வரும் என்று. படத்தைப் போட்ட அம்மாவின் அனுமதியோடு அதே படத்தை மறுபடியும் போட்டேன். கூடவே என் தோட்டத்துக் கத்தரிச் செடியில் புழு துளைத்த நுனித் தண்டைக் கிள்ளி எடுப்பதையும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதையும் வீடியோ எடுத்துப் போட்டேன்.

உடனே எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. தை மாதம்தான் 50 வீட்டைத் தாண்டினோம். சிலர் வரவே இல்லை.

அடுத்த சோதனை

சித்திரையில் எங்கள் குழுத் தம்பி ஒருவரின் வெண்டையில் மஞ்சள் தேமல். 20 கிலோ சொல்லியிருந்தார், 3 கிலோகூடத் தேறவில்லை. "வெளியில வாங்கிப் போட்டுடலாம்ணே, வெண்டையில யார் பேரு எழுதியிருக்கு?" என்றார். கடன் தவணை கட்ட வேண்டிய வாரம் அவருக்கு. கோபப்பட முடியவில்லை.

அவரையே தன் தோட்டத்தில் நின்று பேசச் சொன்னோம். மஞ்சள் பாய்ந்த இலையைக் காட்டி, வெள்ளை ஈ பரப்புகிற நோய் இது, இந்த வாரம் வெண்டை இல்லை என்று அரை நிமிட வீடியோ. வெண்டை கேட்டிருந்த 22 வீட்டில் 17 வீட்டார் அதே தொகைக்கு அவர் தோட்டத்துச் சுரைக்காயும் முருங்கையும் வாங்கிக்கொண்டார்கள். தவணைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது, அதைக் குழு நிதியில் இருந்து கொடுத்தோம்.

பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் ஒரு விவசாயியின் தோட்டத்தை மற்ற விவசாயிகளே போய்ப் பார்த்துச் சரிபார்க்கிறோம். இப்போது அந்த நாளை முன்கூட்டியே குழுவில் அறிவிக்கிறோம். விருப்பமுள்ள வாடிக்கையாளர்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். தோட்டத்தை ஒருமுறை மிதித்துப் போனவர்கள் புழுவைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு

- 15, 20 வீட்டோடு ஆரம்பியுங்கள். நாலு பேராவது சேர்ந்தால்தான் வாரா வாரம் ஏழெட்டு வகைக் காய் கொடுக்க முடியும்.
- கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள். சாதாரணக் குழுவில் ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்களுக்கு இது தொந்தரவாகலாம்.
- பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். நாங்கள் வண்டிக்கும் பைக்கும் நிதிக்கும் நூற்றுக்கு 12 ரூபாய் பிடித்துக்கொண்டு, மீதியைத் திங்கட்கிழமை பிரித்து, கணக்கை விவசாயிகள் குழுவில் போட்டுவிடுகிறோம்.
- பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பாதீர்கள், கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது மோசடி.
- புகார் வந்தால் அன்றே, வந்த இடத்திலேயே பதில் சொல்லுங்கள். நீக்காதீர்கள்.

வங்கியில் சாயங்காலம் கேஷ் டாலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பத்து ரூபாய் குறைந்தாலும் எல்லோருமாகத் தேடுவோம். இப்போது ஞாயிறு இரவு அதையே குழுவில் செய்கிறேன். எத்தனை ஆர்டர், எத்தனை கொடுத்தோம், எது கெட்டது, யாருக்கு எவ்வளவு திருப்பினோம் என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன். போன ஞாயிறு 71 வீடு. ஒரு வீட்டுக்குப் பூசணி மாறிப் போய்விட்டது. அதையும் எழுதினேன்.