எஞ்சின் மாத்தின அம்பாசடர்: ஹெட்டை இறக்குறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது, கிரீஸ் மட்டும்தான்.

நண்பர் ஒருத்தர்கிட்ட 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2 இருக்கு. அதோட 1489 சிசி எஞ்சினை எடுத்துட்டு, 90-கள்ல அம்பாசடர்ல வந்த இசுசு 1817 சிசி பெட்ரோல் எஞ்சினையும் அஞ்சு கியர் பாக்ஸையும் போட்டாங்க. ரெண்டும் அம்பாசடர்ல வந்ததுதானே, அப்படியே உட்கார்ந்துடும்னு தோணும். உட்காரவும் செஞ்சது. ரெண்டே வாரத்துல மூணு புகார். டெம்பரேச்சர் முள் எகிறுது. காலைல செல்ஃப் சோம்பேறித்தனமா சுத்துது. 60-ஐத் தாண்டினா வண்டி உதறுது.

ஒர்க்‌ஷாப்ல சொன்ன தீர்வு: "ஹெட்டை இறக்கிப் பார்த்துடலாம் சார்."

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஹெட்டை இறக்கினா செலவு மட்டும் இல்ல. நல்லா இருந்த ஒரு பகுதியைப் பிரிச்சு மறுபடி மாட்டுறோம். நாளைக்கு அதுவும் சந்தேக லிஸ்ட்ல வந்துடும். ஓடிக்கிட்டிருந்த எஞ்சினைத்தானே எடுத்துப் போட்டோம்? அப்போ தப்பு எஞ்சினுக்குள்ள இருக்கிறதைவிட, எஞ்சினும் காரும் கை கோர்க்கிற இடத்துல இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நம்ம ஆபீஸ் பாஷைல இது இன்டெக்ரேஷன் பக்.

முள் கதைல ஒரு துப்பு கிடைச்சது. ராத்திரில ஹெட்லைட் போட்டதும் முள் டக்குனு மேல ஏறுது, அணைச்சா இறங்குது. யோசிச்சுப் பாருங்க, எஞ்சின்ல இருக்கிற தண்ணி ஒரு நொடில சூடாகி ஒரு நொடில ஆறுமா? ஆறாது. அப்போ ஏறுறது சூடு இல்ல, வோல்டேஜ்.

காரணம் இப்படி. பேட்டரியோட நெகட்டிவ் பாடில எர்த் ஆகியிருக்கு. ஆல்டர்னேட்டர் எஞ்சின் மேல இருக்கு. அது கொடுக்கிற கரன்ட் ஹெட்லைட்டுக்குப் போய், பாடி வழியா எஞ்சினுக்குத் திரும்பி வரணும். பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை சரியில்லைன்னா, அந்த இடத்துல வோல்டேஜ் வித்தியாசம் உருவாகும். டெம்பரேச்சர் சென்சாரும் எஞ்சின் பிளாக்லதான் எர்த் ஆகுது. அதனால கேஜ் வழியா வழக்கத்தைவிட அதிக கரன்ட் ஓடும், கேஜ் அதை "சூடு"ன்னு காட்டும். எஞ்சின் மவுண்ட் ரப்பர்ங்கிறதை மறந்துடாதீங்க. ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது, பட்டை மட்டும்தான் வழி.

செல்ஃப் சோம்பேறியா சுத்துறதும் இதே வியாதிதான். செல்ஃப் மோட்டாருக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் வேணும். பட்டை வழியா போக முடியலைன்னா அந்தக் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் மாதிரி கிடைச்ச வழில போகும். ஸ்டார்ட் பண்ணினதும் சோக் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சுட்டா, உடனே வண்டியை நிறுத்துங்க. அந்தக் கேபிள் போய் முடியுறது கார்புரேட்டர்ல, அதாவது பெட்ரோல் இருக்கிற இடத்துல.

செக் பண்ண ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கியரை நியூட்ரல்ல வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்க காயிலுக்குப் போற சின்ன ஒயரைக் கழட்டுங்க. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, இன்னொரு முனை எஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடத்துல. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள்ள வந்தா நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த்தைத் தேடுங்க. இந்த வண்டில 1.8 வந்தது. எஞ்சின் பே முழுக்கப் புதுசா பெயின்ட் அடிச்சு, அந்த பளபளப்புக்கு மேலேயே பட்டையை போல்ட் போட்டிருந்தாங்க. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, புதுப் பட்டை மாட்டினதும் 0.15. செல்ஃப் சுத்துற சத்தமே மாறிடுச்சு.

முள் இறங்கிடுச்சு, ஆனா முழுசா இல்ல. சிக்னல்ல நின்னா இன்னும் ஏறுது, ஹைவேல இறங்குது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்துல இன்ஃப்ராரெட் கன் வச்சுப் பார்த்தா இது நிஜமான சூடுதான். நின்னா சூடு, ஓடினா சரின்னா காத்து பத்தலைன்னு அர்த்தம். ஓடும்போது சூடுன்னா ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகப்படலாம். இங்க புது எஞ்சினோட ஃபேன் பழைய ரேடியேட்டர்ல இருந்து தள்ளி உட்கார்ந்திருந்தது. சுத்தி ஒரு தகரக் கூடு கட்டினாங்க, முடிஞ்சது.

உதறலுக்கும் முதல்ல ஒரு கேள்விதான். காலி ரோட்டுல 60-ல போய் நியூட்ரல்ல விடுங்க. எஞ்சின் ஐடிலுக்கு வந்தும் உதறல் தொடர்ந்தா எஞ்சினை விட்டுடுங்க. அது வீல், டயர், இல்லன்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். வீல் பேலன்ஸ் ஏற்கெனவே பண்ணியாச்சுன்னா கியர் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிற சாய்வைப் பாருங்க. கியர் பாக்ஸ் வெளித்தண்டும் பின்னாடி டிஃபரென்ஷியல் தண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். இல்லன்னா ரெண்டு முனைலயும் இருக்கிற யூ ஜாயின்ட் ஒண்ணோட ஆட்டத்தை இன்னொண்ணு சரிக்கட்டாது. மொபைல்ல இருக்கிற லெவல் ஆப் வச்சே அளந்தோம். கியர் பாக்ஸ் மவுண்டுக்குக் கீழ ஒரு தகடு வச்சதும் உதறல் போயிடுச்சு.

மெக்கானிக் வேலை இதோட முடிஞ்சது, பேப்பர் வேலைதான் பாக்கி. ஆர்.சி.ல எஞ்சின் நம்பர் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, இந்த மாதிரி மாற்றத்துக்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேணும், இல்லன்னா விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்ல இடிக்கலாம். இன்னொண்ணு, 2021-ல வந்த விதிப்படி 50 வருஷத்தைத் தாண்டின வண்டியை வின்டேஜ்னு தனியா பதிவு பண்ணலாம். ஆனா சேஸி, பாடி, எஞ்சின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 1972 வண்டிக்கு வயசுத் தகுதி வந்தாச்சு. இசுசு எஞ்சின் உள்ள இருக்கிற வரைக்கும் அந்தக் கதவு மூடியிருக்கும்.

அதனால, மாத்துறவங்க சேஸியை வெட்டாம, வெல்டிங் இல்லாம, போல்ட்லயே மவுண்ட் பண்ணச் சொல்லுங்க. எடுத்த 1489-ஐ பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டுடாதீங்க. ஸ்பார்க் பிளக் ஓட்டைகள்ல கொஞ்சம் ஆயில் விட்டு பிளக்கைத் திரும்ப மாட்டி, கார்புரேட்டர், சைலன்சர் வழிகளை அடைச்சு, அப்பப்போ கிராங்க்கைக் கையால ரெண்டு சுத்து சுத்தி விடுங்க. அந்தப் பழைய கியர் பாக்ஸும் அது பக்கத்துலயே இருக்கட்டும்.